சுவைக்கு வரவேற்பு, சமைத்தவருக்கு?

(யேர்மனிவாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்துவடிவம்)



உணவில் விருப்புடைய ஒருவர் யேர்மனியின் பெருநகரம் ஒன்றில் மாலை நேரத்தில் நடந்து சென்றால், அரை மணி நேரத்தில் பல நாடுகளைக் கடந்துவிடலாம். ஒரு மூலையில் இத்தாலியரின் ஐஸ்கிறீம் கடை, அதற்கு அடுத்ததாகத் துருக்கியரின் டோனர் கடை, தெருவின் மறுபக்கத்தில் வியட்நாமியரின் உணவகம், சற்றுத் தள்ளிச் சிரியரின் இனிப்புக் கடை. நோர்த்ரைன்-வெஸ்ற்பாலன் மாநிலத்து நகரமாக இருந்தால், முருங்கைக்காயும் கத்தரிக்காயும் அடுக்கிய ஈழத்தமிழரின் பலசரக்குக் கடையும் கண்ணிற் படும். வார இறுதியில் அங்கே கொத்துரொட்டியின் தகடு தட்டும் ஓசையும் கேட்கலாம்.

நகரம் இவை அனைத்தையும் விரும்பி உண்கிறது. ஆனால் அதே நகரத்தின் சபையை யார் தெரிவுசெய்வது என்ற கேள்வி எழும்போது, இந்தக் கடைகளின் குசினிகளில் நிற்கும் பலருக்கு அங்கே இடமில்லை. ஒரு சமூகத்தின் உணவு ஏற்றுக்கொள்ளப்பட்டால் அச்சமூகமே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்று பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

கறி என்ற சொல்லின் பயணம்

பேர்லின் நகரத்தின் அடையாள உணவு எது என்று கேட்டால், பெரும்பாலோர் கறிவூர்ஸ்ற் என்றே விடை கூறுவர். வாட்டிய இறைச்சிக்குழலைத் துண்டுகளாக வெட்டி, தக்காளிக் குழம்பை ஊற்றி, மேலே கறித்தூள் தூவிக் கொடுக்கும் தெருவோர உணவு அது. 1949 செப்டெம்பர் 4ஆம் நாள், பேர்லினின் சார்லொட்டன்பூர்க் பகுதியில் சிறு கடை நடத்திய ஹெர்ற்றா ஹொய்வர் என்ற பெண்மணி அதனை முதன்முதலில் செய்து விற்றார் எனக் கூறப்படுகிறது. போரினால் இடிந்து கிடந்த அந்நகரின் அப்பகுதி அப்போது பிரித்தானியரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கறித்தூள் பிரித்தானியப் படையினர் வழியாகவே அங்கு வந்தது என்பர். ஹொய்வரின் கடை இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை காணப்படுகிறது.

அந்த உணவின் பெயரில் பாதி தமிழ்ச்சொல் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. தமிழரின் கறி போர்த்துக்கேயர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து உலகெங்கும் சென்றது. யாழ்ப்பாணத்து வீட்டில் கறி என்பது சோற்றுக்குத் துணையாகும் எதையும் குறிக்கும். வாழைக்காயும் கறிதான், பூசணிக்காயும் கறிதான். ஐரோப்பியருக்கோ அது ஒரு மஞ்சள் தூளாகச் சுருங்கிவிட்டது. ஈழத்தமிழர் அகதிகளாக இந்நாட்டில் வந்திறங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவர்களின் சொல் இங்கே வந்து குடியேறிவிட்டது. சொல்லிடம் எவரும் விசா கேட்கவில்லை.

அந்த உணவும் இந்நாட்டின் அரசியலில் இடம்பெறத் தவறவில்லை. 2021இல் வொல்ஸ்பூர்க் நகரிலுள்ள வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தனது பல உணவுச்சாலைகளில் ஒன்றில் இறைச்சியை நிறுத்தியபோது, முன்னாள் அரசாங்கத் தலைவர் கெர்காட் சுரோடர் அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கறிவூர்ஸ்ற் தொழிலாளரின் வலிமை என்பது அவரது வாதம். அதற்கு முன்னர், 2013ஆம் ஆண்டுத் தேர்தலில் பசுமைக் கட்சியினர் பொது உணவுச்சாலைகளில் வாரத்தில் ஒருநாள் மரக்கறி உணவு என்று முன்மொழிந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்தனர். உணவு இந்நாட்டவருக்கும் அடையாளமே என்பதை இவை காட்டுகின்றன. ஆகவே தமது உணவைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழர் தயங்க வேண்டியதில்லை.

டோனர் சொல்லும் பாடம்

யேர்மனி 1955இல் இத்தாலியுடனும், 1961இல் துருக்கியுடனும் தொழிலாளரை அழைப்பதற்கான ஒப்பந்தங்களைச் செய்தது. வந்தவர்களை 'விருந்தினத் தொழிலாளர்' என்றனர். விருந்தினர் என்றால் ஒருநாள் திரும்பிச் செல்வார் என்பதே அதன் உட்பொருள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியின்போது புதிய தொழிலாளரை அழைப்பது நிறுத்தப்பட்டது. வேலை இழந்தவர்களில் பலர் பிழைப்பதற்கு வேறு வழி தேடினர். சிறு உணவுக் கடை அவ்வழிகளுள் ஒன்றாயிற்று.

மேற்கு பேர்லினின் சோ தொடருந்து நிலையத்தின் அருகே, 1972இல் காதிர் நூர்மன் என்பவர் டோனர் இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துக் கையில் எடுத்துச் செல்லும் வகையில் விற்றார். அவருக்கு முன்பே அவ்வாறு விற்றதாக உரிமை கோருவோரும் உள்ளனர். எனினும் டோனர் தயாரிப்பாளர் சங்கம் 2011இல் அவரைக் கௌரவித்தது. காப்புரிமை எதனையும் பெறாத அவர் 2013இல் காலமானார். இன்று அவ்வுணவு இந்நாட்டின் அன்றாட உணவு. அதன் விலை ஏறியபோது, விலைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று இளையோர் அரசிடம் கேட்கும் அளவிற்கு அது அரசியலாகியது. 2024இல் இடதுசாரிக் கட்சி அதனை ஒரு கோரிக்கையாகவே முன்வைத்தது.

இத்தனை விருப்பத்திற்கு உரிய உணவைச் சமைத்தவர்களுக்கு நேர்ந்தது என்ன?

2000 முதல் 2007 வரை, தேசிய சோசலிசத் தலைமறைவு என்று தம்மை அழைத்துக்கொண்ட நாசிக் கும்பல் ஒன்று யேர்மனியில் பத்துப் பேரைக் கொன்றது. அவர்களுள் எண்மர் துருக்கியப் பின்னணியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் காவல்துறைப் பெண். பூ வியாபாரி, தையற்காரர், மரக்கறிக் கடைக்காரர், சிறுகடை உரிமையாளர் எனப் பல தொழில் செய்தோர் அவர்களில் இருந்தனர். இருவர் மட்டுமே டோனர் கடையில் கொல்லப்பட்டவர்கள். 2004இல் ரொஸ்ரொக்கில் மெஹ்மெற் துர்குற், 2005இல் நூர்ன்பேர்க்கில் இஸ்மாயில் யாஷார்.

ஆயினும் ஊடகங்கள் அத்தனை கொலைகளுக்கும் சேர்த்து 'டோனர் கொலைகள்' என்று பெயரிட்டன. காவல்துறை பல ஆண்டுகளாகக் கொலையுண்டோரின் குடும்பங்களையே சந்தேகித்தது. போதைப்பொருள், கடன், குடும்பப் பகை எனப் பலவாறு தேடியவர்கள், இனவெறியைத் தேட வேண்டிய அளவிற்குத் தேடவில்லை. 2011 நவம்பரில் உண்மை வெளிப்பட்டது. 'டோனர் கொலைகள்' என்பது அவ்வாண்டின் மிக இழிவான சொல்லாக மொழியறிஞர் குழுவொன்றினால் அறிவிக்கப்பட்டது. மனிதரை அவர்களின் உணவாகவே பார்த்த சொல் அது. டோனரை நாள்தோறும் உண்ட ஒரு நாட்டிற்கு, அதை விற்றவரும் தந்தையே, கணவரே, அயலவரே என்பது தோன்றாமற் போனது எவ்வாறு? இக்கேள்வி துருக்கியரை மட்டும் சார்ந்ததன்று.

2024 ஏப்பிரலில் யேர்மன் சனாதிபதி ஸ்ரைன்மையர் துருக்கிக்குச் சென்றபோது, அறுபது கிலோ டோனர் இறைச்சியையும், மூன்றாம் தலைமுறைக் கடைக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார். நட்பின் அடையாளம் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் துருக்கியப் பின்னணி கொண்ட யேர்மனியர் பலர் மனம் நொந்தனர். மருத்துவர், பொறியியலாளர், நீதிபதி, எழுத்தாளர் என மூன்று தலைமுறையாக இந்நாட்டைக் கட்டியெழுப்பியவர்களை ஓர் இறைச்சித் தண்டாக மட்டும் காட்டலாமா என்பதே அவர்களது கேள்வி.

வியட்நாமியரின் கதையும் இதனின்று வேறன்று. கிழக்கு யேர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள், 1990இல் இரு யேர்மனிகளும் இணைந்தபோது வேலையையும் வதிவிட உறுதியையும் ஒருங்கே இழந்தனர். 1992 ஓகஸ்ட் மாதம் ரொஸ்ரொக் லிக்ரன்ஹாகனில் அவர்கள் வாழ்ந்த வீடு, உள்ளே நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கையிலேயே தீவைக்கப்பட்டது. வெளியே கூட்டம் கைதட்டியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அங்கே சிற்றுண்டியும் விற்கப்பட்டது. இன்று கிழக்கு யேர்மனியின் நகரங்களில் வியட்நாமியர் உணவகங்களை விரும்பி நாடுவோரில் எத்தனை பேர் அந்த நாட்களை நினைக்கின்றனர்?

அகதியின் தட்டு

இனி ஈழத்தமிழரின் பக்கம் பார்ப்போம். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்தவர்களில் பலர், கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகரத் தொடருந்தில் பிரீட்றிக்ஸ்ராச நிலையம் வழியாக மேற்கு பேர்லினை அடைந்தவர்கள். 1985இல் இரு யேர்மன் அரசுகளுக்கும் இடையே பேச்சுக்கள் நடந்தன. அதன் விளைவாக விசா அற்ற ஈழத்தமிழருக்கு அவ்வழி அடைக்கப்பட்டது. அதே காலத்தில் கிழக்கு யேர்மனிக்கான வட்டியற்ற கடன் எல்லையும் உயர்த்தப்பட்டது. ஏதிலிகளின் பாதை இரு அரசுகளின் பேரம்பேசலில் ஒரு பொருளாகியது.

வந்து சேர்ந்தோர் அகதி முகாம்களில் வைக்கப்பட்டனர். அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டுதல் தடைசெய்யப்பட்டது. வேலை செய்வதற்கான தடை அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கப்பட்டது. உணவு பல இடங்களில் பொதியாகவோ பொதுச் சமையலாகவோ வழங்கப்பட்டது. சோறும் கறியும் உண்டு வளர்ந்தவருக்குப் பாணும் குளிர்ந்த இறைச்சித் துண்டும் கொடுக்கப்பட்டன. பசிக்கு அது போதும் என்று அலுவலர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிச் சமைக்கும் உரிமை பறிக்கப்படும்போது, வளர்ந்த மனிதர் மீண்டும் குழந்தையாக்கப்படுகிறார்.

1993 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஏதிலியர் உதவிச் சட்டம் இதனை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. பணத்திற்குப் பதிலாகப் பொருள் அல்லது பற்றுச்சீட்டு என்பதே அதன் அடிப்படை. தனியாக வாழும் வளர்ந்தவருக்கு மாதம் ஏறத்தாழ 225 யூரோ பெறுமதியான உதவியே வழங்கப்பட்டது. அத்தொகை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உயர்த்தப்படவேயில்லை. 2012 யூலை 18இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அது மனித மாண்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. குடிவரவைக் குறைக்கும் நோக்கத்திற்காக மனித மாண்பைக் குறைக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அத்தோடு அது முடிந்துவிடவில்லை. 2024 மே மாதத்தில் கட்டண அட்டைக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்கள், அந்த அட்டையிலிருந்து ஒருவர் மாதம் 50 யூரோ மட்டுமே பணமாக எடுக்கலாம் என வரையறுத்தன. அட்டையை ஏற்காத சிறு கடையிலோ சந்தையிலோ அவரால் அதற்குமேல் வாங்க முடியாது. மியூனிக், ஹம்பேர்க் முதலிய நகரங்களில் மனச்சாட்சியுள்ள குடிமக்கள், ஏதிலியர் அட்டையால் வாங்கும் அங்காடிப் பற்றுச்சீட்டுகளைப் பெற்றுக்கொண்டு அதே பெறுமதிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினர். ஒரு காலத்தில் பொதியைப் பிரித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்ட தமிழர், இன்று அட்டையோடு வரிசையில் நிற்கும் சிரியரையும் ஆப்கானியரையும் ஏளனமாகப் பார்ப்பது தகுமா? தமது பழைய பசியை மறந்தவருக்கே அது இயலும்.

வேலைத்தடை நீங்கிய பின் தமிழருக்கு முதலிற் கிடைத்த வேலைகளில் பல உணவகங்களின் பின்கட்டில் இருந்தன. கோப்பை கழுவுதல் என்ற இரு சொற்களில் ஒரு தலைமுறையின் இளமை அடங்கியிருக்கிறது. கோப்பை கழுவியவர்களில் சிலர் காய்கறி வெட்டினர், பின் அடுப்படிக்கு வந்தனர், பின் இத்தாலிய உணவைச் சமைக்கும் தலைமைச் சமையலாளராகவும் உயர்ந்தனர். இத்தாலிய உணவென்று நகரம் புகழ்ந்து உண்ட பலவற்றில் யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம் கலந்திருந்தது. அந்த உழைப்பே பிள்ளைகளின் படிப்பாகவும், ஊருக்கு அனுப்பிய பணமாகவும், ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயமாகவும் மாறியது. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் தேர்த் திருவிழாவிற்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். வேடிக்கை பார்க்க வரும் யேர்மனியரும் தமிழர் உணவை உண்டு மகிழ்கின்றனர்.

தமிழரின் பந்தியும் குற்றமற்றதன்று

பிறரின் பாகுபாட்டைப் பேசுவோர் தமது வீட்டையும் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இருக்கை மறுக்கப்பட்டது. தனிக் குவளையில் வெளியே நின்று குடிக்கும்படி கூறப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்பும் அவ்வழக்கம் மறையவில்லை. 1960களின் பிற்பகுதியில் சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய இடங்களில் தேநீர்க்கடை நுழைவுப் போராட்டங்கள் நடைபெற்றன. ஒரு குவளைத் தேநீரைச் சமமாக அருந்தும் உரிமைக்காக மக்கள் அடியும் உதையும் பட்டனர், உயிர்களும் பலியாயின. புலம்பெயர்ந்த மண்ணில் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர் என்று மகிழும் பெற்றோர், திருமணப் பேச்சு எழும்போது பழைய குவளையைத் தேடி எடுக்காதிருப்பாராக.

உணவை அடக்குமுறைக்கு உட்படுத்தும் செயல் தாயகத்தில் இன்றும் தொடர்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் குண்டுமழையிடையே மக்களின் உயிரைத் தாங்கியது அரிசியும் நீரும் உப்பும் கலந்த கஞ்சி. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து மக்கள் தம் உறவுகளை நினைவுகூருகின்றனர். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர்ப் பகுதியில் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதுசெய்யப்பட்டனர். ஒரு பானைக் கஞ்சிக்கு ஓர் அரசு அஞ்சுகிறதென்றால், உணவு நினைவையும் சுமக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. யேர்மனியில் பிறந்த பிள்ளை அக்கஞ்சியின் சுவையற்ற சுவையை ஒருமுறையேனும் அறிதல் வேண்டும்.

பாடசாலை மேசை

இளையோருக்கு இவையெல்லாம் தொலைவில் நிகழ்ந்த வரலாறாகத் தோன்றலாம். ஆனால் அவர்களின் முதல் அரசியல் அனுபவம் பெரும்பாலும் பாடசாலையின் உணவு மேசையிலேயே நிகழ்ந்திருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த புட்டையும் முட்டைப் பொரியலையும் திறந்தபோது பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தியது, அதன்பின் அப்பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது, மறுநாள் முதல் பாணும் சீஸும் போதும் என்று பிள்ளை அடம்பிடித்தது ஆகியவை பல குடும்பங்களுக்குத் தெரிந்தவையே. காரணத்தை அறியாத தாய் பிள்ளைக்கு வாய்க்கு ருசியில்லை என்று எண்ணியிருப்பார். பிள்ளையின் நாவில் குறையேதும் இல்லை. அது கற்றுக்கொண்டது வெட்கம்.

2019 யூலையில் லைப்சிக் நகரின் இரு சிறுவர் காப்பகங்கள், இரு முஸ்லிம் பிள்ளைகளைக் கருத்திற்கொண்டு பன்றியிறைச்சியையும், பன்றி ஜெலற்றின் கொண்ட இனிப்புகளையும் தவிர்க்க முடிவெடுத்தன. அது நாடளாவிய கொந்தளிப்பாக மாறியது. மிரட்டல்கள் வந்தன, காவல்துறைப் பாதுகாப்புத் தேவைப்பட்டது, முடிவு கைவிடப்பட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் மதிய உணவு நாட்டின் பண்பாட்டுப் போராக்கப்பட்டது. வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டுமே உண்ணும் தமிழ்ப் பிள்ளை, தனக்கு வேறு உணவு வேண்டும் என்று கேட்கத் துணியுமா? பெற்றோர் கூட்டத்திற்குச் சென்று, அமைதியாகவும் தெளிவாகவும் அதனைக் கேட்பவர் யார்? அங்கே வாய்திறக்கும் பெற்றோரைப் பார்த்தே பிள்ளை வெட்கத்தைக் கைவிடக் கற்கும்.

தட்டிலிருந்து வாக்குச்சாவடிக்கு

இவ்வுரையின் தொடக்கத்தில் கூறிய தெருவுக்கு மீண்டும் செல்வோம். அங்கே ஐஸ்கிறீம் விற்கும் இத்தாலியர் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன் என்பதால் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். துருக்கியக் குடியுரிமையோடு டோனர் விற்பவரும் இலங்கைக் குடியுரிமையோடு கொத்துரொட்டி போடுபவரும் முப்பது ஆண்டுகள் வரி செலுத்தியிருந்தாலும் வாக்களிக்க இயலாது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன், ஹம்பேர்க் ஆகிய மாநிலங்கள் வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை கொடுக்க முயன்றபோது, 1990 ஒக்ரோபர் 31இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆகவே வாக்குக்கான வழி குடியுரிமை வழியாகவே செல்கிறது.

அவ்வழி முன்னரைவிட இலகுவாகியுள்ளது. 2024 யூன் 27 முதல், எட்டு ஆண்டுகளுக்குப் பதிலாக ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவர், ஏனைய நிபந்தனைகளை நிறைவுசெய்தால் விண்ணப்பிக்கலாம். பழைய குடியுரிமையைத் துறக்கும்படி யேர்மன் சட்டம் இப்போது கேட்பதில்லை. ஆனால் இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைப்பதற்கு அந்நாட்டின் சட்டப்படி தனியே விண்ணப்பித்தல் வேண்டும். இதனை அறிந்து, பெற்றோர் காலந்தாழ்த்தாது முடிவெடுத்தல் நன்று. குடியுரிமை இல்லாதோருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. நோர்த்ரைன்-வெஸ்ற்பாலன் நகரங்களில் குடிபெயர்ந்தோரின் நலன்பேசும் ஒருங்கிணைவு அவைகளுக்கு வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம். 2025 செப்டெம்பர் 14இல் உள்ளூராட்சித் தேர்தலோடு அதுவும் நடைபெற்றது. அடுத்த தேர்தலில் தமிழ்ப் பெயர்கள் வேட்பாளர் பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும்.

இளையோர்களே! உங்கள் பெற்றோர் எந்த நகரில், எந்தக் குசினியில், எத்தனை ஆண்டுகள் நின்றனர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். குரலைப் பதிவுசெய்யுங்கள். ஒடியற் கூழை எவ்வாறு காய்ச்சுவது என்பதோடு, முகாமில் முதன்முதலாகச் சோறாக்கிய நாளைப் பற்றியும் கேளுங்கள். யேர்மன் நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். அவர்கள் சொதியும் இடியப்பமும் உண்டு நன்று என்று சொல்லும்போது, அச்சுவை எந்த வழியாக, எந்தக் காரணத்தால் இங்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு ஊட்டும்போது கதையையும் சேர்த்து ஊட்டுங்கள். விருந்தோம்பல் தமிழரின் பண்பு. ஆனால் என்றென்றும் பரிமாறிக்கொண்டே நிற்பவராக மட்டும் ஒரு சமூகம் இருந்துவிட முடியாது. பரிமாறிய கை மேசையில் அமரவும், அந்த மேசையில் எதைச் சமைப்பது, எதைப் பகிர்வது என்று முடிவெடுக்கவும் வேண்டும். அந்த இடத்தை யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். கேட்டும் அமைந்தும் வாக்களித்துமே அதனைப் பெறுதல் கூடும்.